தோலோடு நின்றுவிடாத தவமலர் அக்கா

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. பேசியவர் மகேந்திரன், கம்பளையில் தையற்கடை வைத்திருப்பவர். வழக்கமாக "சார், நல்லா இருக்கீங்களா?" என்றுதான் தொடங்குவார். அன்று அதைக்கூடக் கேட்கவில்லை.

"சார், மிஸ் போயிட்டாங்க," என்றார். "காலையில பாக்கப் போயிருந்தேன். நெஞ்சை அடைக்குதுன்னாங்க. பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வாட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம், அவ்வளவுதான்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தவமலர் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. சலரோகம் என்ற நீரிழிவும் தைரொயிட் வருத்தமும் பல வருடங்களாக இருந்தன. இருதயமும் களைத்துவிட்டது என்று அவரே போன மாதம் சொல்லியிருந்தார். இருந்தாலும் இப்படி ஒரு காலையில் போய்விடுவார் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்த அவருடைய தம்பிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவரால் வரமுடியவில்லை. யுத்தத்தால் பாதை மூடியிருக்கிறது. "அக்காவை வைச்சிருக்காதேங்கோ. எடுங்கோ. நான் இஞ்ச இருந்து கும்பிடுறன்," என்று தொலைபேசியில் அழுதார். மறுநாள் மகேந்திரன்தான் கொள்ளி வைத்தார். தவமலர் அக்காவோடு வேலை செய்தவர்களும் அவரிடம் இரத்தம் கொடுத்துவிட்டு அறிக்கைக்காகக் காத்திருந்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், எனக்குத் தெரிந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

கண்டிக்கு அண்மையிலிருந்த ஓர் அரசாங்க வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் நாங்கள் இருவரும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே மேசையில் வேலை செய்தோம். நான் சேர்ந்தபோது அவர் அங்கே ஏற்கெனவே இருந்தார். உயரமான, மெலிந்த பெண். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. வாயைச் சுற்றியும் கண்ணிமைகளிலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். தேநீர் கொண்டுவரும் ஆள் எங்களுக்கெல்லாம் பீங்கான் கோப்பை வைத்தார். அவருக்கு மட்டும் ஓர் அலுமினியக் குவளை. அந்தக் குவளை ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"பயப்பிடாதையும். ஒட்டாது," என்றார். "ஒட்டுமெண்டால் முதல்ல என்ர அம்மாவுக்கு ஒட்டியிருக்கும். அப்பாவோட முப்பது வருசம் ஒரே செம்பில தண்ணி குடிச்ச மனுசி."

அவருடைய தகப்பனார் தபாலதிபர். அவருக்கும் உடம்பெல்லாம் வெண்புள்ளிகள். ஊரில் பலரும் பல எண்ணெய்களைச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் பூசினார். கடைசியில் காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. அது புரையோடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோன பிறகுதான் இரத்தத்தில் சீனி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு வாரத்தில் இறந்துபோனார். "இருபது வருசமாக எல்லாரும் அப்பான்ர தோலைத்தான் பார்த்தவை. ஒருத்தரும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கேல்லை," என்று தவமலர் அக்கா சொன்னபோது குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. தனக்குத் தைரொயிட் கோளாறு இருப்பதை அவர் தானே தன் இரத்தத்தைச் சோதிக்கச் செய்து கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அந்த நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயரே அவருக்கு எதிரி. வெண்குட்டம் என்று யாராவது சொன்னால் கையிலிருந்த வேலையை வைத்துவிடுவார். "குட்டம் வேற. இது வேற. பேரிலயே பொய்யை வைச்சுக்கொண்டு பிறகு சனம் பயப்பிடுதெண்டு சொன்னா என்ன ஞாயம்?" வெண்புள்ளி என்றுதான் அவர் எழுதுவார், எங்களையும் எழுத வைத்தார்.

எங்கள் தோல் கிளினிக்குக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்கள வைத்திய நிபுணர். நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர். வெண்புள்ளியோடு வருகிறவர்களுக்கு இரத்தச் சீனியும் பார்க்க வேண்டும் என்று தவமலர் அக்கா கேட்டபோது, "இது தோல் கிளினிக். சோதனை மருந்து எவ்வளவு தட்டுப்பாடு என்று உனக்குத் தெரியாதா?" என்று திருப்பி அனுப்பினார். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கு அடுத்த வாரமும் கேட்டார். நான்காவது தடவை நானும் கூடப் போனேன். அன்று அக்கா சொன்னார்:

"சேர், எல்லாருக்கும் வருமெண்டு நான் சொல்லேல்லை. கனபேருக்குத் தோலோட நிண்டுடும். ஆனா உடம்பு தன்ர நிறத்தைத் தானே அழிக்கேக்க, சில பேருக்குத் தைரொயிட்டையும் அழிக்குது. சில பேருக்கு இன்சுலின் சுரக்கிற இடத்தையும் அழிக்குது. ஆர் அந்தச் சில பேர் எண்டு பார்க்காமல் எப்பிடித் தெரியும்?"

டொக்டர் பேனாவை மூடினார். "வாரத்துக்குப் பத்துப் பேர். அதற்கு மேல் ஒருவரைக்கூட அனுப்பமாட்டேன்," என்றார். அப்படித்தான் அது தொடங்கியது. பத்துப் பேரை எப்படித் தெரிவுசெய்வது? தவமலர் அக்கா கிளினிக் வாசலில் நின்று மூன்று கேள்விகள் கேட்பார். அடிக்கடி தாகமா? இரவில் சலம் கழிக்க எழும்புகிறீர்களா? காரணம் இல்லாமல் உடம்பு இளைக்கிறதா? பிற்காலத்தில், மெலிகிறவர்களை மட்டுமல்ல, வயிறு பெருத்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, இடுப்பளவும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் சேர்த்துக்கொண்டார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் கண்டிக்கு வந்த அன்று நாங்கள் வேலையில் இருந்தோம். மதியத்துக்குப் பிறகு நகரப் பக்கத்தில் கறுப்புப் புகை எழுந்தது. தவமலர் அக்கா தங்கியிருந்த வீடு இருந்த தெருவில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். என் மச்சானிடம் ஒரு வான் வண்டி இருந்தது. அவரை வரவழைத்தேன். கட்டுக்கலையில் எங்கள் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தால் போதும்.

"பொட்டை எடுத்திருங்க அக்கா," என்றேன். அவர் கைக்குட்டையால் துடைத்தார். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார்.

ஒரு வளைவில் தெருவுக்குக் குறுக்கே மரக்கட்டை கிடந்தது. பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது. உள்ளே யார் என்று கேட்டான். மச்சான் தன் மனைவி என்றும் சுகமில்லை என்றும் சொன்னார். அவன் நம்பவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு முக்காட்டைப் பிடித்து இழுத்தான்.

தவமலர் அக்காவின் முகம் வெளியே தெரிந்தது. இமைகள் வெள்ளை. உதட்டைச் சுற்றி வெள்ளை. அவன் கை அப்படியே நின்றது.

"லாதுரு!" என்று கத்தினான். சிங்களத்தில் அது குட்டநோய். சேலையைப் பிடித்த கையைத் தன் சாரத்தில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். "யன்ன, யன்ன," போ, போ என்று யாரோ கட்டையை இழுத்துவிட்டார்கள். வான் நகர்ந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் உம்மா வாசலுக்கு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "வாங்க மகள். இது உங்கட ஊடுதான்," என்று உள்ளே கூட்டிப் போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் உம்மா சஹன் வைத்தார். பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, எல்லோரும் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம், விருந்துகளில்தான் அப்படிச் சாப்பிடுவோம். உம்மா தவமலர் அக்காவைத் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். யாருக்கும் எதுவும் விளக்கவில்லை.

தவமலர் அக்கா இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"எனக்குக் குட்டம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை, நவ்சாத்," என்றார் என்னைப் பார்த்து. "ஒவ்வொரு நாளும் சனத்துக்குச் சொல்லுற வசனம். அவன்ர முகத்துக்கு முன்னால எனக்கு வாயில வரேல்லை."

"சொல்லியிருந்தா நாங்க இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டோம் அக்கா."

"ஓம். அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு. என்ர எதிரிதான் என்னைக் காப்பாத்தினது."

அவர் எங்கள் வீட்டில் பதினொரு நாள் இருந்தார். ஊருக்குப் போய்விடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருடைய உறவினர்கள் கொழும்பிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போனார்கள். அவர் போகவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலைக்குப் போய், கிளினிக் வாசலில் நின்று அந்த மூன்று கேள்விகளையும் கேட்கத் தொடங்கினார்.

இனி, மகேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பதினைந்து வருடத்துக்குப் பிறகு நடந்தது. நகரத்தில் குண்டு வெடித்து, தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி முளைத்திருந்த காலம். வடக்கு, தேயிலைத் தோட்டம் என்று வித்தியாசம் இல்லாமல் தமிழ்ப் பெடியன்களைப் பிடித்தார்கள். மகேந்திரனுக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, கண்டியில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்தவர். ஒரு வருடத்துக்குள் முகத்தில் பாதி வெளுத்துப் போயிருந்தது. தோல் கிளினிக்குக்கு வந்திருந்தார். தவமலர் அக்கா கேள்விகளைக் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. பத்து மணிக்கு அவருடைய தங்கை வந்தாள். மூச்சிரைக்க ஆய்வுகூட வாசலில் நின்றாள்.

"மிஸ், அண்ணனை நேத்துப் பொலிசில பிடிச்சிட்டாங்க. ஐடென்டிக் கார்டுல இருக்கிற ஆளு நீ இல்லைன்னு சொல்றாங்களாம்."

அடையாள அட்டைப் படம் பதினாறு வயதில் எடுத்தது. அதிலிருந்த முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"சாப்பிட்டவனோ? எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டார் தவமலர் அக்கா.

"காலையில போய்ப் பார்த்தேன் மிஸ். கூப்பிட்டா சரியா பேச மாட்டேங்குது. தண்ணி தண்ணின்னுதான் கேக்குது. ஒரு மாசமாவே அப்படித்தான். அது தச்ச கால்சட்டையே அதுக்கு நிக்கல. ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சுக்கிச்சு."

தவமலர் அக்கா எழுந்தார். அலுமாரியிலிருந்து பெனடிக்ட் கரைசல் போத்தலையும் நான்கு சோதனைக் குழாய்களையும் பிடிகுறட்டையும் ஸ்பிரிட் விளக்கையும் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். சலத்தில் சீனி இருக்கிறதா என்று பார்க்க அப்போது எங்களிடமிருந்த எளிய வழி அந்த நீலக் கரைசல்தான்.

"நவ்சாத், வாரும். உம்மட சிங்களம் என்ர சிங்களத்தை விட நல்லம்."

பொலிஸ் நிலைய வாசலில் மணல் மூட்டைகள். காவலுக்கு நின்றவன் பையைத் திறந்து பார்த்தான். நீல நிறத் திரவம், கண்ணாடிக் குழாய், விளக்கு. அவன் துவக்கை நீட்டிவிட்டான். "கையைத் தூக்கு!" என்ற சத்தத்தில் உள்ளேயிருந்து நான்கு பேர் ஓடிவந்தார்கள். குண்டு வெடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு தமிழ்ப் பெண் போத்தலும் கையுமாகப் பொலிஸ் நிலையத்துக்குள் வருகிறாள். சுடாமல் விட்டதே பெரிய காரியம். தவமலர் அக்கா கையை உயர்த்தியபடி, வைத்தியசாலையின் பெயரையும் தன் பெயரையும் தொழிலையும் சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

எங்களைப் பொறுப்பதிகாரியிடம் கொண்டுபோனார்கள். அவர் தவமலர் அக்காவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். யாழ்ப்பாண முகவரி. இளம் வயதுப் படம், மாசு மறுவில்லாத முகம். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"இதுவும் நீ இல்லை," என்றார்.

"நான்தான் சேர். தோல் மாறும். கைரேகை மாறாது. எடுத்துப் பாருங்கோ, விரல் வெளுத்திருந்தாலும் கோடு அப்படியேதான் இருக்கும்."

அவர் கதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளினார். "லாதுருத?" என்று கேட்டார். குட்டநோயா?

நான் தவமலர் அக்காவின் காதருகே குனிந்து தமிழில் சொன்னேன். "ஓம் என்டு சொல்லுங்க அக்கா. பயத்திலயே அவனை இப்ப வெளியில விட்டுருவாங்க."

இதை நான் சொன்னேன். மறுக்க மாட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியைப் பார்த்தே பதில் சொன்னார். "இல்லை சேர். இது குட்டநோய் இல்லை. இது தொத்தாது. எனக்கும் அவனுக்கும் இருக்கிறது ஒரே வருத்தம். ஆனால் நான் தோலைப் பற்றிக் கதைக்க வரவில்லை. அவனுக்குச் சீனி வருத்தம் முற்றிவிட்டது என்று நினைக்கிறேன். அது உண்மையென்றால் இன்று பின்னேரத்துக்குள் அவனுக்கு இன்சுலின் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கூண்டுக்குள்ளேயே செத்துப்போவான்."

"நடிக்கிறான். பிடித்ததிலிருந்து தூங்குகிறான்," என்றார் அங்கு நின்ற சார்ஜன்ட்.

"என்னை அவனுக்குக் கிட்ட விடுங்கள். நடிப்பா இல்லையா என்று உங்களுக்கு முன்னாலேயே காட்டுகிறேன்."

கூண்டுக்குள் மகேந்திரன் சுவரோரம் சுருண்டு கிடந்தார். நாக்கு காய்ந்திருந்தது. ஓடி வந்தவனைப் போல ஆழமாக, வேகமாக மூச்சு விட்டார். கிட்டப் போனபோது அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வந்தது. தவமலர் அக்கா என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் அந்த வாடை தெரியும், சீனி முற்றி உயிருக்கு வந்துவிட்ட வாடை. சலத்தை ஒரு ஜாம் போத்தலில் எடுத்தோம்.

பொறுப்பதிகாரியின் மேசைமேலேயே விளக்கைக் கொளுத்தினார். குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுத் துளி சலத்தை எண்ணி விட்டார். கொதிக்கத் தொடங்கியது. நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் கலங்கி, செங்கல்லைக் கரைத்தது போல அடியில் படிந்தது.

"நீ ஏதோ போட்டுவிட்டாய்," என்றார் சார்ஜன்ட்.

"அப்படியென்றால் உங்களுடையதைக் கொண்டு வாருங்கள்."

சார்ஜன்ட் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். சார்ஜன்ட் முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரு குவளையில் கொண்டுவந்தார். அதே போத்தல், அதே எட்டுத் துளி, அதே விளக்கு. நாங்கள் நான்கு பேரும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீலம் நீலமாகவே கொதித்தது.

பொறுப்பதிகாரி இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கூண்டிலிருந்து அந்த மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், "ஜீப்பை எடு," என்றார். தவமலர் அக்காவின் அடையாள அட்டையைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "அவன் தப்பி ஓடினால் உன்னைக் கூண்டில் போடுவேன்," என்றார். என்னிடம் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்.

நாங்கள் படியிறங்கியபோது அவர் பின்னாலேயே வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் தவமலர் அக்காவிடம் கேட்டார். "என் மகளுக்கும் முழங்கையில் இப்படி ஒன்று இருக்கிறது. அவளுக்கும் இது வருமா?"

சற்று முன்னர் அவரைக் கூண்டில் போடுவேன் என்று சொன்ன மனிதர். தவமலர் அக்கா நின்று அவருக்குப் பதில் சொன்னார். "வரவேண்டும் என்று இல்லை. கனக்கப் பிள்ளைகளுக்குப் புள்ளியோடு நின்றுவிடும். ஒருமுறை கொண்டு வாருங்கள், சீனியும் தைரொயிட்டும் பார்ப்போம். தாகமும் இளைப்பும் இருந்தால் அன்றைக்கே கொண்டு வாருங்கள். பிள்ளையின் கையை மூடி வைக்காதீர்கள்."

மகேந்திரனுக்கு அன்று பின்னேரம் இன்சுலின் ஏற்றினார்கள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். கட்டில் காலோடு விலங்கு, பக்கத்தில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரன். மூன்றாம் நாள் கண் திறந்து, "மிஸ், பசிக்குது," என்றார். எங்கள் தோல் வைத்திய நிபுணர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். இந்த நோயில் முகத்தின் நிறம் மாறும், அட்டையில் உள்ளவரும் இவரும் ஒருவரே என்று. அதைக் காட்டியதும் அவரை விட்டார்கள். தவமலர் அக்காவின் அடையாள அட்டை திரும்பி வரப் பத்தொன்பது நாளாயிற்று. அதுவரை அவர் வைத்தியசாலையை விட்டு வெளியே போகவில்லை. தாதியர் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வெண்புள்ளியோடு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த மாதிரி ஒரு கடிதம் கிடைத்தது. முன்பக்கத்தில் முகத்தைப் பற்றிய வைத்தியரின் உறுதி. பின்பக்கத்தில் சீனி, தைரொயிட், இரத்த அழுத்தம் எப்போது பார்த்தது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற விபரம். சோதனைச்சாவடியில் காட்டுவதற்காகச் சனம் அதைத் தொலைக்காமல் வைத்திருந்தார்கள். அதனால் சோதனைக்கும் தவறாமல் வந்தார்கள்.

அன்றைக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து, மகேந்திரனை ஏற்றிய ஜீப்புக்குப் பின்னால், திரிவீல் ஓட்டோவில் நாங்கள் திரும்பினோம். பாதி வழியில் அவர்தான் பேசினார்.

"லாதுரு எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கள்தான். எங்க விட்டிருப்பாங்கள்? றோட்டில தள்ளியிருப்பாங்கள். இல்லாட்டி எங்கயாவது தூரத்துக் குட்ட ஆஸ்பத்திரிக்கு ஏத்தியிருப்பாங்கள். போற வழியில செத்திருப்பான்."

"எனக்கு அது விளங்கல்ல அக்கா. பயந்திட்டேன்."

"எனக்கும் பயம்தான் காணும். ஆனா ஒருக்கா அந்தப் பொய்யில தப்பி வந்தனான். இன்னொருக்கா அதைத் தொட எனக்கு ஏலாது."

பிறகு பல தடவை இந்தக் கதையை அவர் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். நான் காதருகே குனிந்து சொன்னதை ஒருவரிடமும் சொன்னதில்லை. "நவ்சாத்தான் என்னோட வந்தவர், வேற ஆர் வந்திருப்பினம்?" என்றுதான் சொல்வார். ஆகவே நான் அதை இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களில் அவருக்கும் சீனி வந்தது. அறிக்கையைத் தானே தட்டெழுதி, தன் பெயரையும் போட்டு, மற்ற அறிக்கைகளோடு அடுக்கி வைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார். யுத்த நிறுத்தம் வந்தபோது ஒருமுறை ஊருக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தார். யுத்தம் மறுபடி தொடங்கிப் பாதை மூடிய பிறகு போகமுடியவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதை நான் கேட்டதில்லை. கடைசி மாதங்களில் நடந்தால் மூச்சு வாங்கியது. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் நானும், கிழமையில் இரண்டு நாள் மகேந்திரனும் போவோம்.

செத்தவீட்டுக்கும் பொலிஸ் வந்தது. வெளியூரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். மகேந்திரன் எட்டு வயது மகளோடு வந்திருந்தார். பிள்ளையின் இடது கண்ணோரத்தில் பவுடர் தடித்துப் பூசியிருந்தது. வெயிலில் வியர்வையோடு அது கரைந்தபோது, கீழே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டு மகேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுடலையிலிருந்து திரும்பிய பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "எவ்வளவு நாளா?"

"ஆறு மாசம் சார்."

"தவமலர் அக்காட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க. சொன்னா உடனே ரத்தம் எடுப்பாங்க. எனக்குப் பயமா இருந்திச்சு. நான் பட்டது அதுக்கும் வந்திருக்குன்னு ஒரு தாள்ல பாத்திட்டா..." காலையில் கொள்ளி வைத்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழம காலையில ஒன்டும் சாப்பாடு குடுக்காமக் கூட்டிட்டு வாங்க," என்றேன். ஓய்வுக்குப் பிறகு நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் நான் காலை நேரங்களில் வேலை செய்கிறேன்.

வந்தார்கள். பிள்ளை அழவில்லை. தகப்பன்தான் ஊசியைப் பார்க்காமல் வெளியே போய் நின்றார்.

தவமலர் அக்கா பெறுபேறு சொல்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார். சுற்றி வளைக்க மாட்டார். முகத்தைப் பார்த்து, இருப்பதை ஒரு வசனத்தில் சொல்வார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் கேட்கிற கேள்வியெல்லாம் முடியும்வரை எழும்ப மாட்டார். "ஆறுதலை முதல்ல சொன்னா சனத்துக்கு மிச்சம் காதில விழாது," என்பார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அறிக்கை கையில் கிடைத்ததும் மகேந்திரனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சீனி சரியா இருக்கு. தைரொயிட் கொறஞ்சிருக்கு, மருந்து தொடங்கணும்," என்றேன்.

மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"இப்பக் கேளுங்க மகேந்திரன்," என்றேன். "எவ்வளவு நேரமென்டாலும் பரவாயில்ல."